முனிராஜ் வெட்டிய சுண்ணாம்புக் குழி

மாரண்டஹள்ளிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் முனிராஜைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் சிரிப்பார்கள். அவருடைய புழு மனைக்குள் நுழைய வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றி, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் காலை நனைத்து, கையையும் கழுவ வேண்டும். சளி பிடித்திருந்த ஒரே குற்றத்துக்காக மனைவியின் அண்ணன் காளியப்பனையே வாசலோடு திருப்பி அனுப்பிய மனுஷன்.

"எங்க மாப்ள மனைக்குள்ள சாமியே வந்தாலும் கால் நனைச்சுட்டுத்தான் வரோணும்" என்று காளியப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். முனிராஜ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் மனையில் நோய் பரவி மொத்தப் புழுவும் போனது என்ற பேச்சே கிடையாது.

ஒரு புழு உப்பிப் பால் நிறமானால் போதும், உடனே பொறுக்கிவிடுவார். தூரத்தில் குழி வெட்டி, அதில் போட்டு, மேலே சுண்ணாம்பு கொட்டி மூடுவார். பட்டு வளர்ச்சிப் பயிற்சியில் நீற்றிய சுண்ணாம்புத் தூளே போதும் என்றுதான் சொன்னார்கள். இவருக்குப் போதாது. காளவாயில் சுட்டு வந்த, நீற்றாத சுண்ணாம்புக் கல்லே வேண்டும். தண்ணீர் பட்டு அது கொதித்துப் பொங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும்.

போன வருஷம் அவர் மனைவி சுகுணாவுக்கு மார்பில் வந்த புற்றுக்கட்டியைச் சேலத்தில் அறுத்து எடுத்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் ஒரு கவரை முனிராஜ் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்கங்க, பின்னால கேப்பாங்க" என்றாள். உள்ளே நான்கு சின்னப் பிளாஸ்டிக் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுக் கட்டை, கூடவே சில கண்ணாடித் தகடுகள். என்ன இது என்று கேட்டதற்கு, "எடுத்த கட்டியில இருந்து வெட்டுன துண்டுங்க" என்றாள். அந்தச் சொல்லோடு முனிராஜின் காது அடைத்துவிட்டது. பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னது அவருக்கு மறந்தே போனது.

நோயைக் கஷ்டப்பட்டு வெளியே எடுத்துவிட்டு, அதையே கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்கிறார்களே என்று பஸ்ஸில் வழி நெடுகப் பொருமினார். ஊர் வந்ததும் மல்பெரித் தோட்டத்தைத் தாண்டிக் குழி வெட்டினார். கவரை அப்படியே போட்டுச் சுண்ணாம்புக் கல்லைக் கொட்டினார். சுகுணாவுக்கு இடது கை இன்னும் தூக்க வரவில்லை. வலது கையால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நானே ஊத்தறேங்க. ஒழியட்டும் சனியன்" என்று சாய்த்தாள். குழி கொதித்தது. அன்றைக்கு இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

எட்டு மாதத்தில் சுகுணாவுக்கு இருமல் வந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அதே புற்று நுரையீரலில் சின்னதாக இருக்கிறது என்றார்கள். அங்கிருந்த டாக்டரம்மா கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாகவே பேசினார்.

"நம்ம ஒடம்புல நோய எதுக்கற செல்லுங்க இருக்குதம்மா. பழைய கட்டிக்குள்ள அது எத்தன நுழைஞ்சிருந்துச்சுன்னு எண்ணிப் பாக்கணும். நெறைய உள்ள போயிருந்தா நல்லபடியா ஆக வாய்ப்பு அதிகம். ஓரத்துலயே நின்னுட்டிருந்தா நோய் முந்திக்கும். புது மருந்து ஒத்துக்குமான்னும் அதுல ஓரளவு தெரியும். அந்த பிளாக்கெல்லாம் கொண்டு வாங்க."

பிளாக் என்றது அந்த மெழுகுக் கட்டைகளைத்தான் என்று முனிராஜுக்குப் புரிந்துவிட்டது. "வூட்டுல இருக்குதுங்க" என்றார். சுகுணா தலையைக் குனிந்து முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிளாக் என்றால் எதுவென்று இவளுக்கு விளங்கியிருக்காது என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவற்றை அழித்தது தான் ஊற்றிய தண்ணீர்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடக்கூடாது. ரயிலில் வீடு வரும்வரை அவருக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

மறுநாள் சுகுணா தூங்கும் நேரம் பார்த்துக் குழியைத் தோண்டினார். சுண்ணாம்பு கட்டியாக இறுகியிருந்தது. கண்ணாடித் தகடுகள் நொறுங்கிக் கிடந்தன. பிளாஸ்டிக் சட்டங்கள் நான்கும் கிடைத்தன. மெழுகு உருகி ஓடிவிட்டிருந்தது. எதிலும் ஒன்றுமில்லை. சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதார். சேலத்துக்குப் போன் போட்டால், எல்லாவற்றையும் உங்களிடமே கொடுத்துவிட்டோம் என்றார்கள். பொய்யில்லை, கொடுத்தார்கள்தான்.

டாக்டரம்மா கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சுகுணாவிடம் சொல்லிவிட்டு, காலிச் சட்டங்களை எடுத்துக்கொண்டு தனியாகப் பெங்களூர் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டரம்மா திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"நுரையீரல்ல இருக்கறதுல ஊசி விட்டுத் துண்டு எடுக்க முடியாதுங்களா?"

"ரொம்பச் சின்னது, ஆழத்துல இருக்குது. கை வச்சா ஆபத்து. தெரியாமலே வழக்கமான மருந்த ஆரம்பிப்போம். வேற வழி இல்லைங்க."

அவளுக்குள் அந்தச் செல்கள் சண்டை போட்டனவா, சும்மா நின்றனவா? இனி யாராலும் சொல்ல முடியாது. வாழ்நாளெல்லாம் ஒரு புழுவின் நிறம் மாறினாலே கண்டுபிடித்த மனிதருக்குத் தன் மனைவியின் உடம்பு அடைத்த கதவாகப் போய்விட்டது.

வீட்டில் சுகுணா வாசலிலேயே காத்திருந்தாள். "ஏங்க, எண்ணிப் பாத்தாங்களா?"

வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்வதற்குத்தான் வார்த்தை தேடி வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு சொன்னது. "பாத்தாங்க. அந்தச் செல்லுங்க நெறைய இருக்குதாம். உள்ளார பூரா இருக்குதாம்."

சுகுணா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"அன்னிக்கு அந்தம்மா கேட்டப்பவே எனக்கு உசுரே போச்சுங்க. நாந்தான தண்ணி ஊத்துனேன்? என் கையாலயே எல்லாத்தயும் வேக வச்சுட்டேன்னு நெனச்சேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னு வாயத் தொறக்கல. நல்லவேளை, குழிக்குள்ள அதுக்கு ஒன்னும் ஆகல."

அன்றைக்குப் பல நாளைக்குப் பிறகு அவளே கேட்டு இரண்டாவது உருண்டை களி வாங்கிச் சாப்பிட்டாள். முனிராஜ் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலிச் சட்டங்கள் நான்கும் சட்டைப் பையில் இருந்தன. அவள் குழம்பு கேட்டாள், ஊற்றினார்.