எச்சில் கையோடு நின்ற இன்ஸ்பெக்டர்

கச்சிராயபாளையம் போகிற சாலையில் ஒரு பெண்கள் கல்லூரி. அதன் விடுதியில் நான் சமையல் செய்தேன். படித்தது ஐந்தாவது. ஆண்கள் எதிரே வந்தால் முகம் பார்க்க மாட்டேன். காலைப் பார்த்துத்தான் ஆள் யாரென்று தெரிந்துகொள்வேன்.

அந்தக் கோடையில் விடுதி மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. மேலிடத்துக்கு எழுதியிருப்பதாக பிரின்சிபால் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கரும்புத் தோட்டத்து பம்புசெட்டிலிருந்து சமையலுக்கு மட்டும் தண்ணீர் சுமந்தேன். பிள்ளைகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் காலிக் குடங்களோடு கல்லூரி வாசலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலில் உட்கார்ந்தவள் கரியாலூர்ப் பெண். வாய் ஓயாதவள். போலீஸ் வேன் வந்து நின்றதும் அவள் முகம் வாடிவிட்டது. என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, வேன்ல ஏத்துனாங்கன்னு எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். படிப்ப நிறுத்தி வூட்ல உக்கார வெச்சிடுவாரு.”

“அப்ப எழுந்து வாயேன்டி.”

“நான் எழுந்தா எல்லாரும் எழுந்துடுவாங்கக்கா.”

இன்ஸ்பெக்டர் நயமாகச் சொன்னார், மிரட்டியும் பார்த்தார். யாரும் அசையவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லாரையும் தூக்கி ஏற்றுவதென்று முடிவானது. வார்டனம்மா அடுப்படிக்கு வந்தார்.

“போலீஸ்காரங்களுக்குச் சோறு போடு. அதுங்களுக்கு ஒரு பருக்கை கூட கெடையாது.”

போலீஸ்காரர்கள் வரிசைக்கு அப்பால் புளியமரத்தடியில் இருந்தார்கள். சோற்றுக் குண்டானோடு தலையைக் குனிந்துகொண்டே போனேன். ஆனால் உட்கார்ந்திருக்கிற வரிசையைத் தாண்டிச் சோறு கொண்டுபோய் எனக்குப் பழக்கமில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்தால் சமைத்தவளை ஏசுவார்கள். கை தானாக இலையைப் போட்டுவிட்டது. முதல் இலை கரியாலூர்ப் பெண்ணுக்கு.

“ஏய், நான் இன்னா சொன்னேன், நீ இன்னா பண்ணிக்கினு இருக்கே?” என்று வார்டனம்மா கத்தினார். பயத்தில் நான் சாம்பாரையும் ஊற்றிவிட்டேன்.

“வுடுங்கம்மா” என்றார் இன்ஸ்பெக்டர். “இலையில உக்காந்தவங்கள எழுப்புற பாவம் எனக்கு வேணாம். சாப்ட்டு ஏறட்டும்.”

சொன்னவர் தானும் வரிசைக் கடைசியில் வந்து உட்கார்ந்தார். பூட்ஸ் காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டார். பெண் போலீஸ்காரர்களும் உட்கார்ந்தார்கள்.

கரியாலூர்ப் பெண் ரசத்தை மறுபடி மறுபடி கேட்டாள்.

“இன்னும் எவ்ளோ நேரம்மா?”

“சூடா இருக்குது சார்.”

“எனக்கு ஊத்துனது ஆறிப் போயிருந்துதே!”

ஒருவழியாகப் பந்தி முடிந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து, “கை கழுவத் தண்ணி எங்கம்மா?” என்று என்னைக் கேட்டார். நான் சுமந்து வந்தது சமையலோடு தீர்ந்திருந்தது, பம்புசெட்டுக்கும் மதியத்தில் கரண்ட் கிடையாது. குடங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

“ஒண்ணுத்துலயும் இல்லியா?”

“அதுக்குத்தான் சார் காலையிலேர்ந்து உக்காந்துக்கினு இருக்கோம்” என்றாள் கரியாலூர்ப் பெண். “கை கழுவாம வேன்ல ஏறுனா உங்க சீட்டெல்லாம் சாம்பாராயிடும், பரவால்லியா?”

பெண் போலீஸ்காரர்களே சிரித்துவிட்டார்கள். அவர்கள் கையும் எச்சில்தானே.

இன்ஸ்பெக்டர் கையை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குள் போனார். சன்னல் வழியாகக் குரல் மட்டும் கேட்டது.

“மேலிடம் பதில் போடுற வரைக்கும் நான் இப்படியே நிக்கறதா சார்?”

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் லாரி வந்தது, பின்னாலேயே மோட்டார் மெக்கானிக்கும் வந்தார். லாரிக் குழாயில் முதலில் கை கழுவியவர் இன்ஸ்பெக்டர். வேன் காலியாகவே திரும்பிப் போனது.

கரியாலூர்ப் பெண் குடத்தை நிரப்பிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

“லீவுக்குப் போனா காலேஜ்ல இன்னா நடந்துதுன்னு அப்பா கேப்பாரே, இன்னாக்கா சொல்றது?”

“இன்ஸ்பெக்டரோட ஒரே பந்தியில சாப்ட்டேன்னு சொல்லு.”

“ஐயோ, அது வேன்ல ஏறுனத விட மோசம்க்கா!”

பட்டம் வாங்குகிற வரைக்கும் அவள் வீட்டில் மூச்சு விடவில்லை.