ஆரோக்கியசாமி கையெழுத்திடாத மனு

செவ்வாய்க்கிழமை காலை ஈப்போ பத்திரிகை அலுவலகத்தில் தொலைபேசி ஒலித்தது. புந்தோங்கிலிருந்து ஆரோக்கியசாமி அண்ணனின் மனைவி மேரி அக்கா பேசினார். “தம்பி, அண்ணன் போயிட்டாரு. கோப்பி கலக்கிட்டுப் போய் எழுப்பினேன். எழும்பலை.” நான் முதலில் கேட்டது வயது. இரங்கல் செய்திக்கு அதுதான் முதலில் வேண்டும். “ஐ.சி. கார்டுல அறுபத்தொண்ணு. நெசமா எத்தனைன்னு அவருக்கே தெரியாது.” குறித்துக்கொண்டேன்.

அவர் எங்கள் பத்திரிகையில் பிழை திருத்துபவர். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கோ குடியுரிமை மனு எழுதிக் கொடுத்தவர். எழுபதுகளில் ஞாயிறு பூசை முடிந்ததும் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போவார். குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களை உட்காரவைத்து, நீலக் கார்டுக்கு மனு எழுதுவார். நேர்காணலில் கேட்கப்படும் மலாய்க் கேள்விகளுக்குப் பதிலும் சொல்லிக் கொடுப்பார்.

தெலுக் இந்தான் பக்கம் நானும் கூடப் போன ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவர் மறுத்தார்.

“நான் இந்தியாவுக்கு, ஊருக்குப் போறவன் ஐயா. எனக்கெதுக்கு நீலக் கார்டு?”

“எத்தனை வருசமா போறீங்க?”

“பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்.”

“ஊருக்குப் போறவன் கோழி வளப்பான், தாத்தா. நீங்க மூணு மாடு கட்டியிருக்கீங்க.”

தொழிலாளர் வீட்டு வரிசையான அந்த லயமே சிரித்தது. பெரியவரும் சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தார்.

அன்று என் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது போலீஸ் சாலைத் தடுப்பு. இருவரும் அடையாளக் கார்டை நீட்டினோம். அவருடையது சிவப்பு. கொஞ்ச தூரம் தாண்டி, “அண்ணே, நீங்களுமா?” என்றேன்.

“என் விசயம் வேறலா. அம்மா அங்க இருக்காங்க. அவங்க கண்ணை மூடுற வரைக்கும் நான் அந்த ஊர்க்காரன்.”

இரண்டு ஆண்டுகளில் அம்மா இறந்தார். ஊரிலுள்ள தன் தம்பியோடு நிலப் பங்கு முடியட்டும் என்றார் அண்ணன். புந்தோங்கில் வீடு வாங்கினார், பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டினார். ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. வேலை பெர்மிட்டை மட்டும் தவறாமல் புதுப்பித்து வந்தார்.

போன ஆண்டுக் கடைசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மேரி அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “எல்லாரும் ஓட்டுப் போடப் போறாங்க, அப்பா மட்டும் ஏன் வீட்லயே இருக்காருன்னு பிள்ளைங்க கேக்குதுங்க. நான் எத்தனை பொய் சொல்றது? இவர் இந்த நாட்டுக்காரராப் போகணும் தம்பி. நீங்க சொன்னா கேப்பாரு.”

மனுத்தாளை நிரப்பிக் கொண்டுபோனேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். “அம்மா பேரு எழுதுற எடத்துல பொண்டாட்டி பேரை எழுதியிருக்க. இத்தனை வருசம் ரிப்போர்ட்டரா இருந்து என்ன செய்ய?” புதுத் தாளில் தானே அழகாக எழுதினார். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை மூடினார். “ஈஸ்டர் முடியட்டும்லா.”

ஈஸ்டர் முடிந்து நான்கு மாதம் இருந்தார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “எழுதுங்க. அவர்கிட்ட ஏச்சு வாங்கிக் கார்டு எடுத்தவங்க சிரிச்சுக்கட்டும்.”

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய கார்டைப் பார்த்த பிறகும் சிவப்புக் கார்டுக்காரர்களைப் பற்றிப் பல செய்திகள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ‘விவரம் தெரியாததால் இவர்கள் மனுச் செய்யவில்லை’ என்றேன். எல்லா விவரமும் தெரிந்த ஒருவர் அடுத்த மேசையில் உட்கார்ந்து அந்த வரிக்குப் பிழை பார்த்தார். அவர் திருத்தவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அடக்கத்துக்கு மறுநாள் தஞ்சோங் மாலிமிலிருந்து அப்படியொரு செய்தி வந்தது. கை பழக்கத்தில் அதே வரியை எழுதியது. அதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் எழுத வேறு வரி கிடைக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லாமலே செய்தி அச்சுக்குப் போனது. இனி அந்த வரியை என்னால் எழுத முடியாது. அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு திருத்தம்தான்.