மூன்று பிரதிகளில் ஒப்புதல் கேட்டுப் போனது

ஜப்பானியர் காலத்தில் பெயரெழுதும் காகிதத்தைக் கண்டு மலாயா மக்கள் ஏன் நடுங்கினார்கள் என்பதைப் பற்றி நான் என் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். நல்ல அத்தியாயம் என்று நானே பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். அதே நான்தான், சயாம் ரயில் பாதை போட அந்த ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போய் உயிரோடு திரும்பி வந்த ஒரு மனிதரின் வீட்டில், பெயரெழுதும் காகிதத்தை எடுத்து நீட்டினேன். மூன்று பிரதிகள். இடையில் கார்பன் தாள் வேறு.

அப்போது நான் மலாக்காவில், காஜா பேராங் என்ற பகுதியில் குடியிருந்தேன். வார நாட்களில் பல்கலைக்கழகத்தில் பாடம். சனிக்கிழமை காலையில் என் முனைவர் பட்ட மாணவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மூன்று பேர். மூவருக்கும் பொருள் ஒன்றுதான், ஜப்பானியர் ஆட்சியில் மலாக்கா. வேறு எதுவும் ஒன்றில்லை.

முதலாமவர் சிவகங்கைப் பக்கத்திலிருந்து உதவித்தொகை பெற்று வந்த இளைஞர். நான் எதைச் சொன்னாலும் "ஆகட்டுங்க ஐயா" என்பார். 'நீங்கள் சொல்வது தவறு, நான் செய்யப் போவதில்லை, ஆனாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்' என்பதுதான் அதன் முழுப் பொருள் என்று கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. ஆய்வேட்டில் அவர் முதலில் எழுதி முடித்தது நன்றியுரை. மூன்று பக்கம். அதில் நான் ஒரு கலங்கரை விளக்கம். வெளிச்சம் விழ வேண்டிய கப்பலை அவர் இன்னும் கட்டத் தொடங்கியிருக்கவில்லை.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் அவரை "அண்ணே" என்பேன். அவர் என்னை "டாக்டர்" என்று சொல்லி, நான் உட்காரும்வரை நிற்பார். முப்பது வருடம் வாக்குமூலம் எழுதிய கை. பசிக்காலத்தைப் பற்றி ஒரு முதியவரைப் பேட்டி கண்டு வந்தவர், 'சாட்சி மேற்படி காலத்தில் மரவள்ளிக்கிழங்கு உண்டதை ஒப்புக்கொண்டார்' என்று எழுதியிருந்தார்.

மூன்றாமவர் பள்ளி ஆசிரியை. என் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வரும் செட்டி கம்பம் என்ற குடியிருப்பில் பிறந்தவர். பல நூற்றாண்டுக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் கும்பிடுவது நம் சாமிகளை. வீட்டில் பேசுவதோ அவர்களுக்கே உரிய ஒரு மலாய். அதில் நம் சொற்கள் அங்கங்கே கிடக்கும். "தமிழ் படித்துக்கொண்டால் ஆய்வுக்கு உதவுமே" என்று முதல் வாரமே அவருக்கு அறிவுரை சொன்னேன். "எங்க மாமாவோட பேசத் தமிழ் எதுக்கு டாக்டர்? நீங்கதான் எங்க மலாய் படிக்கணும்" என்றார். என் மலாய் வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறதாம். அவரோடும் அவர் வீட்டாரோடும் நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அந்த மாமா, அதாவது அவருடைய அம்மாவின் மூத்த அண்ணன், சயாமுக்குக் கொண்டு போகப்பட்டவர். அந்தக் கம்பத்திலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான் என்று மருமகளான ஆசிரியை சொல்வார். மருமகளிடம் மட்டும் மாமா, மாலையில் காப்பி குடிக்கும்போது, ஒன்றிரண்டாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். ஆய்வேட்டின் மூன்று அத்தியாயங்கள் அந்தப் பேச்சின் மேல்தான் நின்றன. ஆய்வேட்டை முடிக்க ஆசிரியைக்கு இருந்தது கடைசிக் கால நீட்டிப்பு. அதற்காகச் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருந்தார்.

இந்த நேரத்தில் பல்கலைக்கழக நெறிக்குழு ஒரு விதி கொண்டுவந்தது. பேட்டி தந்தவர் பெயர், அடையாள அட்டை எண், முகவரி எழுதி மூன்று பிரதிகளில் கையெழுத்திட்டால்தான் பேட்டி செல்லும். இல்லாவிட்டால் அந்தப் பகுதியை நீக்க வேண்டும். குழுவைத் திட்டியாவது மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. படிவத்தை வடிவமைத்தது நான். "மூன்று பிரதி" என்பதை வற்புறுத்தியதும் நான்தான்.

"மாமாகிட்ட டாக்டர் மட்டும் வாங்க. படிவத்தை இப்ப எடுக்க வேணாம், நான் மெதுவா கேக்குறேன்" என்றார் ஆசிரியை. இரண்டு வருடமாக அடிக்குறிப்பு கேட்டால் "மாமா சொன்னாரு" என்று மட்டுமே எழுதித் தந்தவர். இதுவும் அந்தச் சோம்பல்தான் என்று எடுத்துக்கொண்டேன். படிவத்தோடு கிளம்பினேன். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்க சிவகங்கைத் தம்பி. களப்பணி எப்படி நடக்கிறது என்று பார்க்க அண்ணன்.

மாவிலைத் தோரணம் கட்டிய நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனோம். மாமா சாரோங்கும் பனியனுமாகப் பறவைக் கூண்டுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். சிரித்தார். காப்பி வந்தது, கோகிப் பலகாரம் வந்தது. பறவை எப்போது கூவும், எப்போது கூவாது என்று இருபது நிமிடம் சொன்னார். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. நான் பையைத் திறந்து படிவத்தை எடுத்து மேசைமேல் பரப்பி, கார்பன் தாளைச் சரிசெய்து, பேனாவை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "ஒன்றுமில்லை, பெயரும் முகவரியும் மட்டும்தான்" என்று என் வானொலி மலாயில் சொன்னேன். அதே சமயம் அண்ணன், பழக்க தோஷத்தில், சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார்.

மாமா காகிதத்தைப் பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அன்னைக்கும் மூணு பேருதான் வந்தாங்க" என்றார். "ஒருத்தன் சிரிச்சிக்கிட்டே பேசினான். ஒருத்தன் எழுதினான். ஒருத்தன் சும்மா நின்னான். அரிசி அட்டைக்குன்னு சொன்னாங்க. பேரும் முகவரியும் மட்டும்தான்னாங்க."

காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே வானொலி சத்தமாகப் பாடியது.

ஆசிரியை எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "டாக்டர் புத்தகத்துல ஆறாவது அத்தியாயம்" என்றார், குரலை உயர்த்தாமல். "நான் அதைப் படிச்சிட்டுத்தான் உங்ககிட்ட சேர்ந்தேன்." கதவைச் சாத்திக்கொண்டார்.

 வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், நிலைமையைக் காப்பாற்றும் ஆசையில், "இன்னொரு தடவை போய், படிவத்தை இன்னும் தெளிவாக விளக்கினால் போடுவார்" என்றேன். சிவகங்கைத் தம்பியைப் பார்த்தேன், 'ஆகட்டுங்க ஐயா'வை எதிர்பார்த்து.

"இல்லைங்க ஐயா" என்றார்.

இரண்டு வருடத்தில் முதல் 'இல்லை'. அவருக்கே அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், எழுந்து நின்றுவிட்டார். "படிவந்தாங்க ஐயா தப்பு. அவருக்குப் புரியாம இல்லை. நம்மளவிட நல்லாவே புரிஞ்சிருக்கு. எங்க ஊர்லயும் யாராச்சும் கிளிப்போர்டோட வந்தா எங்க அப்பா தோட்டத்துப் பக்கம் போயிருவாருங்க."

அண்ணன் நோட்டை மூடிப் பையில் வைத்தார். "நான் ஒண்ணு கேக்குறேன் டாக்டர். அவரு கையெழுத்து நமக்கு எதுக்கு? ஸ்டேஷன்ல வாக்குமூலம் கொடுக்கிறவனுக்குக் கையெழுத்துப் போட மனசு வராட்டி, எழுதின ஆபீசரு 'படிச்சுக் காட்டினேன், சரின்னு சொன்னாரு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவாரு. பொறுப்பு எழுதினவனோடது லா. மாட்டிக்கிட்டா அவன்தான் மாட்டுவான்."

அன்று மாலை நாங்கள் மூவரும் உட்கார்ந்து படிவத்தை மாற்றி எழுதினோம். தகவல் தருபவர் ஒலிநாடாவில் சம்மதம் சொன்னால் போதும். பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம். கையெழுத்து ஆய்வாளருடையதும் நெறியாளருடையதும். அண்ணனின் வாக்கியங்கள் இரும்பு மாதிரி இருந்தன. 'மேற்படி' என்ற சொல்லை மட்டும் ஏழு இடத்தில் எடுத்தேன். அடுத்த குழுக் கூட்டத்தில், போன கூட்டத்தில் நானே பேசியதை மறுத்து நானே அரை மணி நேரம் பேசினேன். தலைவர், "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று இரண்டு முறை கேட்டார். விதி மாறியது.

ஆனால் மாமா வாயைத் திறக்க வேண்டுமே. மூன்று வாரம் மருமகளிடமும் பறவையைப் பற்றி மட்டுமே பேசினாராம். நாலாவது வாரம் ஆசிரியை வந்து, "மாமா உங்களைக் கூப்பிடுறாரு. தனியா" என்றார்.

போனேன். கையில் ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழம் தவிர ஒன்றும் இல்லை. மாமா பழத்தை வாங்கிக்கொண்டு, மேசைமேல் ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளையும் பேனாவையும் வைத்தார்.

"உங்க பேரு எழுதுங்க. அடையாள அட்டை நம்பரு. முகவரி. கீழ கையெழுத்து."

எழுதினேன். எதற்கென்று கேட்கவில்லை. அவர் மடித்து பனியனுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மருமகள் ஓடவிட்ட ஒலிநாடாவில், பறவைக்குச் சொல்கிற மாதிரி, "சரி, எழுதிக்கட்டும். என் பேரு வேணாம்" என்றார். அதன்பின் பேசினார். அன்று மட்டுமல்ல, ஆறு மாலைகள். நான் முதல் மாலையோடு எழுந்து வந்துவிட்டேன். மற்றவை மருமகளுக்கு உரியவை.

மறு வருடம் ஆசிரியைக்குப் பட்டம் உறுதியானது. தேர்வாளர்கள் அந்த மூன்று அத்தியாயங்களில் ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை. அன்று ஜாலான் பெண்டஹாராவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். சிவகங்கைத் தம்பி இப்போது வாரத்துக்கு மூன்று 'இல்லைங்க ஐயா' சொல்லிக்கொண்டிருந்தார், அத்தியாயங்களும் வந்துகொண்டிருந்தன. அண்ணனின் சாட்சிகள் ஒப்புக்கொள்வதை விட்டு, நினைவுகூரத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு நிறைவாக இருந்தது. அந்த நிறைவில் கொஞ்சம் தலைகால் தெரியாமல், "மாமா அன்றைக்கு என் கையெழுத்தை வாங்கிப் பத்திரப்படுத்தினாரே, என்மேல் அவருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது, இல்லையா?" என்று ஆசிரியையிடம் கேட்டுவிட்டேன்.

அவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே யோசித்தார்.

"நீங்க போனதும் மாமா ரொம்ப நேரம் சிரிச்சாரு டாக்டர். 'என்ன ஏதுன்னு ஒரு கேள்வி கேக்காம கையெழுத்துப் போட்டுட்டாரே. ஜப்பான்காரன் காலமா இருந்தா, சயாமுக்கு முதல் ஆளாப் போயிருப்பாரு'ன்னாரு."