ஐந்து லிட்டர் எஞ்சினும் அனுசூயாவின் கால்களும்

நாகசுப்பிரமணியன் பல்கலைக்கழகத்தில் வெப்ப இயக்கவியல் கற்பிக்கிறவர். குளிர்தேசத்து ரொக்ஸ்பரோவில் கராஜோடு வீடு. வாசலில் அனுசூயா ஓட்டிப் பழகிய பெரிய ஸ்டேஷன் வேகன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்தது. பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் அச்சு அசல் நகலைத் தானே கட்டப்போகிறாராம்!

ஃபைபர் உடம்பு பெட்டியில் வந்தது. எஞ்சின்? அசலில் இருந்தது இரண்டு லிட்டர்.

"ரெண்டு லிட்டரா? அது தையல் மெஷின்டீ! நம்ம வேகனோட அஞ்சு லிட்டரை எறக்கறேன், பாரு."

இறக்கினார். வேகன் போயிற்று. இரண்டு பனிக்காலம் அனுசூயா மளிகைப் பையைச் சுமந்துகொண்டு ரயிலடிக்கும் வீட்டுக்கும் நடந்தாள். "முதல் சவாரி நீயும் நானும் ஜோடியா" என்று அவர் சத்தியம் செய்திருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

நடுவில் வந்தது புகைச் சட்டம். பெரிய எஞ்சினை வைத்தால் அதோடு பிறந்த புகை அடக்கும் சாமான்கள் அத்தனையும் இருக்க வேண்டுமாம். வேறு ஆளாக இருந்தால் இரண்டைக் கழற்றி எறிந்திருப்பான். நம்மவர் உத்தமராயிற்றே! காற்றுப் பம்பு, கரி டப்பா, புகையைச் சுட்டுச் சுத்தம் செய்யும் இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் திணித்தார். பானெட் மூடவில்லை. எஞ்சினைப் பின்னால் தள்ளி, குழாய்களைப் போன போக்கில் விட்டார். ஆனால் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் ஸ்டியரிங் பக்கம்தான். மற்ற சீட்டில் ஸ்பானர்கள் உட்கார்ந்திருந்தன. அனுசூயாவை கராஜுக்குள் விடவே இல்லை. சர்ப்ரைஸாம்!

மே மாதம், நல்ல நாளாகப் பார்த்து வண்டிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையிலிருந்து சிநேகிதர் பாலகிருஷ்ணனும் அவர் மனைவி பத்மாவும் வந்தார்கள். பானெட்டில் குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், அனுசூயா மாம்பழக் கலர் பட்டில்.

இன்ஸ்பெக்டர் புகைக்குழாயில் கருவியைச் செருகினார். முள் அசையவே இல்லை. "பிராவோ, முசியே!" என்று பிரெஞ்சில் பாராட்டினார்.

நாகசுப்பிரமணியனைப் பிடிக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து குனிந்தவர், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கால் வைக்க வேண்டிய இடத்தில் அந்த இரும்புப் பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"பாஸ். ஆனால் ஒருத்தருக்கு மட்டும். இந்த சீட்டைக் கழற்றிவிடுங்கள்" என்றார்.

பத்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சட்டப்படி பாஸ் ஆயிடுத்து, அனு!"

"என் காலை எங்க வெச்சுக்கறதுன்னு ஒரு தடவையாவது நெனச்சேளா?"

"அது... கணக்குல வரலை."

அனுசூயா அழவில்லை. கையை நீட்டினாள்.

"சாவி."

கொடுத்துவிட்டார். என்ன செய்வார், நாலு பேர் பார்க்கிறார்களே! அவள் கொசுவத்தை இடுக்கிக்கொண்டு ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள்.

"மளிகைப் பை கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கு. ரயில் வர நேரம்தான், நடந்து போய்ட்டு வந்துடுங்கோ."

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.