குறுப்பு வக்கீல் சீல் வைக்க மறுத்த அபிடவிட்

சுக்கு நெடி மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் குறுப்பு வக்கீல் ஞாபகம்தான்...

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு கோடவுனுக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய நோட்டரி ஆபீஸ். மரப்படி ஏறி முடிப்பதற்குள் நாலு தும்மல் நிச்சயம். உள்ளே ஒரு தடி ரிஜிஸ்டர், பேப்பரைக் கடித்து முத்திரை பதிக்கிற ஒரு இரும்பு சீல். அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயசு. ஊரில் பாதிப் பேருக்குப் பெர்ஷியா கனவு... கல்ஃபுக்கு எங்கள் பக்கத்தில் அப்போதும் அந்தப் பெயர்தான். எனக்கும் அங்கே ஸ்டோர் கீப்பர் வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பாஸ்போர்ட்தான் பாக்கி.

அதில்தான் சிக்கல். ஸ்கூல் சர்டிபிகேட்டில் நான் சுப்பையா, ரேஷன் கார்டில் முருகன்! எனக்கு வைத்தது தாத்தா பெயர். மாமனார் பெயரை அம்மா வாயால் சொல்வாளா? வீட்டில் முருகன் என்று கூப்பிட்டாள். கார்டுக்கு எழுத வந்தவரிடமும் அதையே சொல்லிவிட்டாள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான், அவன் என் மகன் என்று அப்பா ஒரு அபிடவிட் கொடுத்தால் போதும் என்றார்கள்.

போதுமாம்! அப்பாவும் நானும் பேசி ஏழு மாசம் ஆகியிருந்தது.

அப்பா பஜார் ரோட்டில் ஒரு மிளகு கோடவுனில் மேஸ்திரி. முதலாளியிடம் கெஞ்சி எனக்கும் அங்கே வேலை வாங்கித் தந்தார். நான் மூன்றே மாசத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டேன். அவருக்குப் பெரிய தலைகுனிவு. அதிலிருந்து ஒரே வீட்டில் எல்லாம் அம்மா வழியாகத்தான்.

"அவன சாப்பிடச் சொல்லு."

"அவரு செருப்பு மழையில நனையுதுன்னு சொல்லும்மா."

இவரிடம் போய்ப் பெர்ஷியாவுக்குக் கையெழுத்துக் கேட்பதா? எர்ணாகுளம் பிராட்வேயில் பாத்திரக் கடையில் இருந்த தாய்மாமாவைப் பிடித்தேன். அப்பாவாக வந்து ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்றேன். மனுஷன் யோசிக்கவே இல்லை, போட் ஏறி வந்துவிட்டார். அப்பா பெயர், வயசு, தாத்தா பெயர் எல்லாவற்றையும் படகுத்துறையில் நின்று ஒப்பித்தோம்.

குறுப்பு வக்கீல் கேட்டதற்கெல்லாம் மாமா டாண் டாண் என்று பதில் சொன்னார். வக்கீல் பேனாவைத் திறந்து நீட்டினார். மாமா சட்டைப்பையைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மருமவனே, அந்தக் கண்ணாடிய எடு."

செத்தேன்.

வக்கீல் பேனாவை மூடினார். "மருமகனோ? எந்த ஊர்ல அச்சன் மகனை மருமகன்னு விளிக்கும்?"

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நான் சீல் வெச்சா, இன்ன ஆள் என் முன்னால வந்து சத்தியம் செஞ்சார்னு நான் சொல்றேன்னு அர்த்தம். கள்ளச் சத்தியத்துக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஜெயில். தெரிஞ்சு வெச்சா, எனக்கு இந்த சீலும் போகும்." பேப்பரின் குறுக்கே ஒரு கோடு இழுத்து என்னிடம் தந்தார். "அச்சன் ஜீவனோட இல்லையா?"

"இருக்காரு சார்."

"நடக்க முடியாதா? முடியலைன்னா நான் அங்க வரும்."

"நடப்பாரு சார்... பேச்சுதான் இல்ல."

வக்கீல் ரிஜிஸ்டரை மூடி வைத்தார். "பேசண்டா. வந்து ஒப்பிட்டா மதி, கையெழுத்து போதும். கூட எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனும் வரணும்."

கீழே இறங்கியதும் மாமா போட்டைப் பிடிக்க ஓடியே போனார். நான் நேரே கோடவுனுக்குப் போனேன். அப்பா மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார். கோடு இழுத்த பேப்பரை நீட்டி, மாமாவை அப்பாவாக்கியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் துண்டை உதறி முகம் துடைத்தார்; ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

சாட்சிக்குப் பக்கத்துச் சாயாக்கடைச் சேட்டன். வக்கீலுக்கு அவரை நன்றாகத் தெரியும்.

"இவங்க அச்சனும் மகனும்தானா?"

"அதே சாரே. ரெண்டாளும் என் கடையில வேற வேற பெஞ்சில இருந்து சாயா குடிக்கும்."

புதிதாக டைப் அடித்த பேப்பர் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வக்கீல் ஒவ்வொரு வரியாகத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். முடித்த பிறகும் பேனாவைத் தரவில்லை.

"எழுதினது எல்லாம் சத்தியமா?"

அப்பா தலையாட்டினார்.

"தலையாட்டினா போதாது. வாய் திறந்து சொல்லணும். இவன் யாரு?"

அப்பா என்னைப் பார்த்தார்... ஏழு மாசத்துக்குப் பிறகு, நேராக.

"என் மவன்தான் சார்."

வக்கீல் பேனாவை நீட்டினார், அப்பா கையெழுத்துப் போட்டார். கடக் என்று சீல் விழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சுக்கு நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றைக்குச் சாயா ஒரே பெஞ்சில்.

வக்கீல் தெரியாத மாதிரி அன்று சீல் வைத்திருந்தால் எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்திருக்கும். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே போயிருப்பேன். முதல் லீவில் வந்தபோது வக்கீலுக்கு ஒரு நல்ல பேனா கொண்டுபோனேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். சாயா வாங்கித் தந்தால் குடிப்பதாகச் சொன்னார். இப்போது அவரும் இல்லை, அப்பாவும் இல்லை. அந்த நன்றி மட்டும் எனக்குக் குறையவே இல்லை.

போன மாசம் என் மகனுக்கு ஒரு அபிடவிட் தேவைப்பட்டது. அப்பா என்ற முறையில் நான் கொடுக்க வேண்டியது. காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க வரவேண்டாம்ப்பா. இங்க ஒரு ஸைன் போடுங்க, மத்ததெல்லாம் ஏஜென்ட் பாத்துப்பான்."

சாயங்காலமே சீல் போட்டு வந்துவிட்டது. அந்த நோட்டரியை நான் பார்த்ததில்லை. அவரும் என்னைப் பார்த்ததில்லை.

வேலை முடிந்தது, நல்லதுதான். ஆனாலும் யாராவது ஒருத்தர் என்னைக் கேட்டிருக்கலாம்... இவன் யாரு என்று.

வாய் திறந்து சொல்லியிருப்பேன்.