தயிர்சாதம் சாப்பிட்டுப் பட்டாளத்துக்குப் போனவன்

எனக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. அதனால் எங்கள் சிராங்கூன் ரோட்டு வீட்டில் தயிர், வாழைப்பழம், சீவின ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் எதுவும் என் பக்கமே வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். பள்ளியில் மற்றவர்கள் பந்து விளையாடும்போது அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருப்பது என் வேலை. பதினெட்டு வயதுப் பையன்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்க ஆரம்பித்து, மருத்துவப் பரிசோதனைக்கு எனக்கும் அழைப்பு வந்தபோது ஒரே ஆசைதான். இந்தத் தடவையாவது என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிடக்கூடாது.

அம்மாவின் ஆசை நேர் எதிர். என்னை வேண்டாமென்று சொல்லிவிட்டால் அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். முருகனை மட்டும் நம்பிச் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. பரிசோதனை நாள் காலையில் என் முன்னால் தட்டு நிறையத் தயிர்சாதம், பக்கத்தில் வாழைப்பழம்.

“சாப்பிடு. டாக்டர் முன்னாடி நல்லா இழுக்கணும்.”

எத்தனை வருஷத்து ஆசை. வழித்துச் சாப்பிட்டேன். என் நல்ல நேரம், இழுப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் தமிழர். இழுப்பு உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். சட்டையைக் கழற்றியதும் என் மார்பில் புள்ளி புள்ளியாக இருந்த தழும்புகளைப் பார்த்தார்.

“இது என்ன தம்பி?”

“அலகு காவடி டாக்டர். இழுப்பு கொறையணும்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க. இந்தப் பூசத்துக்குத்தான் எடுத்தேன்.”

“டேங்க் ரோடு கோயில் வரைக்கும் நடந்தியா?”

“நடந்தேன். வழியில டோபி காட்கிட்ட ஒரு தடவ இழுத்துச்சு. நின்னு மூச்சு வாங்கிட்டு மறுபடி நடந்தேன்.”

குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடுறதெல்லாம் உனக்கு ஆகாது. ஆனா காவடியோட அவ்ளோ தூரம் நடந்திருக்க. ஸ்டோர்ல ஆள் வேணும். போறியா?”

எனக்குத் தலைகால் புரியவில்லை.

செய்தி கேட்டு அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “நானே காவடி எடுக்க வெச்சு, நானே அனுப்பிட்டேன் லா.”

ஸ்டோரில் பூட்ஸ் கொடுக்கிற வேலை. ஓடத் தெரிந்த அத்தனை பேரும் என் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த பூசத்துக்கு அம்மா மஞ்சள் சேலை கட்டிப் பால்குடத்தோடு கிளம்பினாள்.

“அதான் எடுத்துக்கிட்டாங்களேம்மா. அப்புறம் எதுக்கு?”

“சனிக்கெழம ஆனா வீட்டுக்கு விடுறாங்கல்ல. அது போதும்.”

கூடவே நடந்தேன். டோபி காட் வந்ததும் எனக்கு இழுத்தது. ஓரமாக ஒதுங்கினேன். அம்மாவும் ஒதுங்கினாள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் தாண்டிப் போனார்கள்.

“நீங்க போங்கம்மா.”

“மெதுவா மூச்சு வாங்கு. நான் எங்க போறேன்.”

என் மூச்சு அடங்கும்வரை, தலையில் குடத்தோடு வெயிலில் என் பக்கத்திலேயே நின்றாள். ஓரமாக நிற்பது அன்றைக்கு எனக்கு வருத்தமாகவே இல்லை.