கனிவெள்ளரிக்கு வைத்த உரம்

ஆலப்புழையில் கல்யாண ரவிக்கை தைத்துப் பேர் எடுத்த பார்கவனுக்கு அழுக்கு என்றாலே குமட்டும். முற்றத்தில் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு கடைத்தெருவுக்கு நடையைக் கட்டிவிடுவார். சமையல் கழிவைப் போட்டு மக்கவைக்கக் கொல்லையில் நகராட்சி கொடுத்த உரக்குழாய்கள் இரண்டும் மனைவி லீலாமணியின் ராஜ்ஜியம்.

அந்த லீலாமணி படித்துறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டாள். விஷு விடியலில் முதலில் கண்விழித்துப் பார்க்கக் கனி வைக்கிற மஞ்சள் வெள்ளரி அந்தச் சந்தில் அத்தனை வீட்டுக்கும் அவள் கொடியிலிருந்துதான் போகும். தை முடிவதற்குள் விதைக்காவிட்டால் இந்த வருஷம் யாருக்கும் இல்லை.

"நிரப்பி மூடி வச்ச குழாயில கைய விட்டுப் பாருங்க. சூடு இருக்கக் கூடாது. மீன் வாடை போயி மண் வாசனை வரணும். ஆகாததைப் போட்டா முளை வெந்துபோகும்."

பார்கவன் மூடியைத் திறந்தார். சீ! என்ன கண்றாவி! மத்தித் தலையும் பலாச்சக்கையும் கொழகொழவென்று கிடக்க, மேலே புழு நெளிந்தது. காலையில் தின்ற புட்டு அப்படியே வெளியே வந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

"கறுப்பா, நல்ல மண்ணாட்டம் ஆயிடுச்சுடி."

வாய் கூசாமல் சொன்னார். மூக்கில் துண்டைக் கட்டி, நீளக் காம்பு மண்வெட்டியால் அள்ளிக் குழிகளில் தள்ளி, விதையும் போட்டார். முளைத்த நாலைந்தும் மஞ்சளித்துச் சாய்ந்தன. தோட்டம் முழுக்க ஈ.

பக்கத்து வீட்டு அன்னம்மா வேலியருகே நின்று கத்தினாள். "என்ன சேட்டா, எலி கிலி செத்துக் கெடக்கா? குடலைப் புரட்டுது!"

சன்னலோரம் படுத்திருந்த லீலாமணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தொடவே இல்லதானே? அன்னிக்கே உங்க கையில சோப்பு வாசம்தான் அடிச்சுது. நான்தான் கழுவிட்டு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "மிச்சம் ஒரு பிடி விதைதான் இருக்கு. இனி உங்க பேச்சை நான் நம்ப மாட்டேன்."

மறுநாள் காலை பார்கவன் பல்லைக் கடித்துக்கொண்டு குழாயில் மிஞ்சியிருந்ததற்குள் கையை முழங்கைவரை விட்டார். வெதுவெதுப்பாக எதுவோ விரலிடுக்கில் பிதுங்கியது. கடவுளே! அவர் மூக்குக்கு எல்லாமே நாற்றம்தான். ஆனது எது, ஆகாதது எது என்று எங்கே தெரியும்? கழுவாத கையை அப்படியே கொண்டுபோய் அவள் மூக்கருகே நீட்டினார்.

"ஆகல," என்றாள், முகம் பார்க்காமல்.

அதன்பின் தினமும் விட்டார். தினமும் ஓங்கரித்தார். சோற்றில் கை வைத்தாலே புழு நினைப்பு வந்து பாதியில் எழுந்தார். அருவருப்பு ஒரு பொட்டும் குறையவில்லை.

ஒரு காலை அந்தக் கையில் கறுப்பாக, ஈரமாக, குளிர்ந்த தூள் ஒட்டியிருந்தது. லீலாமணி நெடுநேரம் முகர்ந்தாள்.

"ஆச்சு. விதைய எடுங்க." அப்போதுதான் கையைப் பார்த்தாள். "ஐயே, இது சோத்துக் கையாச்சே! இத்தனை நாளும் இதையா விட்டீங்க? இடது கைய விட்டா என்னவாம்?"

"இடது கைய விட்டிருந்தா நீ நம்பியிருப்பியாடி?"